‘பாஸ்’ மறைக்கும் கணக்கு

கணக்கில் 35, இயற்பியலில் 35, வேதியியலில் 35 வாங்கிய பையன் பிளஸ் டூ பாஸ். சான்றிதழில் அப்படித்தான் அச்சாகும். ஆனால் பொறியியல் கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியலில் அவன் பெயர் வராது. அங்கே மூன்று பாடத்தையும் சேர்த்த சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோர் முதல் பழங்குடியினர் வரையிலான மற்றப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருக்க வேண்டும். 35-க்கும் 40-க்கும் நடுவே இருப்பது பாடத்துக்கு ஐந்து மதிப்பெண், அதாவது ஒரே ஒரு நெடுவினா.

திருவள்ளூர் மாவட்டத்தில், குறிப்பாகப் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளில், கடைசி மணி அடித்த பிறகும் சில வகுப்பறைகள் காலியாவதில்லை. சிறப்பு வகுப்பு நடக்கும். காலாண்டுத் தேர்வில் சறுக்கியவர்களைத் தனியே உட்கார வைத்து, ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிட்டு, அவர்களுக்கென்று சுருக்கிய கையேட்டைக் கொடுத்துப் படிக்க வைப்பார்கள். சுண்டல் வாங்கிக் கொடுத்துப் படிக்க வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு வீடு போகிறவர்களும் உண்டு. அவர்களுடைய உழைப்பைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வகுப்பு எந்த எண்ணைக் குறிவைக்கிறது என்பதுதான் கேள்வி.

அது குறிவைப்பது 35-ஐ. எப்படி என்று வினாத்தாளைப் பிரித்தால் தெரியும். பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 எடுக்க வேண்டும். மொத்தம் 35 வர வேண்டும். அந்த 70 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் சரியாகப் பதினைந்து. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முப்பதுக்கு முப்பது கிடைத்து, பதினைந்து ஒரு மதிப்பெண் வினாவுக்கும் சரியான விடையைத் தேர்ந்துவிட்டால் 45. இயற்பியலைப் பற்றி ஒரு வாக்கியம்கூட எழுதாமல் பாஸ் ஆகிவிடலாம். கணக்கில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. தேர்வில் 25 எடுத்தால் போதும். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் இருபது. அதோடு ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கு. முடிந்தது.

இப்படியே எல்லையைத் தொட்டு வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணக்கு 35, இயற்பியல் 45, வேதியியல் 45. சராசரி 41.67. பொதுப்பிரிவைத் தவிர மற்றவர்களுக்குக் கதவு திறந்துவிடும். கட்-ஆஃப் கணக்கில் கணிதம் நூற்றுக்கு அப்படியே சேரும். இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதாகச் சுருங்கும். ஆக 35 + 22.5 + 22.5, இருநூற்றுக்கு 80. கடைசிச் சுற்றில் மிச்சம் இருக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் ஏதோ ஒரு பிரிவு கிடைக்கலாம். கிடைக்காமல் போவதைவிடக் கிடைப்பதே பெரிய ஆபத்து என்பேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணிதத் தாளின் பெயரே ‘மேட்ரிக்ஸும் கால்குலஸும்’ என்று இருந்தது. கல்லூரித் தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். கல்லூரிப் பேருந்தில் ஏறிய முதல் வருடமே அரியர் ஏறத் தொடங்குவது இப்படித்தான். அதற்கு வீட்டில் வாங்கிய கடன் தனி.

2025-ல் மாநிலத்தின் பிளஸ் டூ தேர்ச்சி விகிதம் 95.03 சதவீதம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தேறும் தேர்வில் தேர்ச்சி என்பது எதையும் பிரித்துக் காட்டாது. ஆனாலும் மாவட்டங்களை வரிசைப்படுத்துவது அந்த எண்ணை வைத்துத்தான். தலைமை ஆசிரியரைக் கூட்டத்தில் எழுப்பிக் கேட்பதும் அதை வைத்துத்தான். எத்தனை பேர் கணிதத்தில் 60-ஐத் தாண்டினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்காத எண்ணுக்கு யார் வகுப்பு எடுப்பார்கள்?

இன்னொரு மாற்றமும் சேர்ந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு நேரே பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவும் பள்ளிகளைத் தடுக்க 2017-18-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைகளின் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கியது நல்லதுதான். பழைய தாவல் திரும்பி வருமா என்பதைப் பெற்றோர்தான் நோட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இயற்பியலில் விசையும் இயக்கமும் ஆழமாக வருவதும், கணக்கில் வகையிடலும் தொகையிடலும் தொடங்குவதும் பதினொன்றில்தான். அவற்றைத் தாண்டிக் குதித்தவருக்கு மாலை வகுப்பில் எந்தக் கையேடும் உதவாது.

சென்னை சென்ட்ரலிலிருந்து வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் மின்சார ரயிலில் போனால் கும்மிடிப்பூண்டி. ஒரு பக்கம் கொல்கத்தா நெடுஞ்சாலை, அதை ஒட்டி சிப்காட். இரும்பு உருக்கும் உலைகளும் கம்பி ஆலைகளும் வார்ப்படச் சாலைகளும். மேற்கே தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட், அதில் மிச்செலின் டயர் ஆலை. வடக்கே ஆந்திர எல்லையைத் தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி. பள்ளிச் சுவரிலிருந்து பார்த்தாலே கம்பெனி வேன் தெரியும் ஊர்கள் இவை. தேர்வு முடிந்த ஏப்ரல் மாதத்தில் லேபர் கான்ட்ராக்டரின் ஆள் தெருவுக்கு வந்துவிடுவார். கலந்தாய்வு அறிவிப்பு வர மே ஆகும். இந்த ஒரு மாத இடைவெளியில்தான் பல முடிவுகள் எடுக்கப்படுகின்றன. பதினெட்டு முடிந்த பையன் ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கிய பிறகு அவனைக் கல்லூரிக்கு அனுப்புவது கஷ்டம். வீட்டுக்கும் அந்தப் பணம் பழகிவிடும்.

அந்தப் பணத்தின் கணக்கையும் பார்க்கலாம். 2019-ல் திருத்திய அப்ரண்டிஸ் விதிகள் அப்போது வைத்த குறைந்தபட்ச மாத உதவித்தொகை பிளஸ் டூ முடித்தவருக்கு 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000. பதினெட்டு வயதில் இந்தப் பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் நாலு வருடப் படிப்பின் மதிப்பு இரண்டாயிரம் ரூபாய் என்றுதான் தோன்றும். பட்டியல் பொய் சொல்லவில்லை. அது முதல் நாளின் கணக்கை மட்டும் சொல்கிறது. பத்தாவது வருடத்தில் யார் லைனில் நிற்கிறார், யார் லைனைப் பார்த்துக்கொள்கிறார் என்பது அதில் இல்லை. இன்னொன்று: 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18-ம் பிரிவின்படி பயிற்சியில் இருப்பவர் பயிலுநர், தொழிலாளி அல்ல. தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. ‘ட்ரெய்னி’ என்று எழுதிய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பிளஸ் டூ சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. காஞ்சிபுரம், திருவள்ளூர் ஊர்களிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பள்ளி முடித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அவர்களில் பெண்கள் அதிகம். கம்பெனி பஸ், சீருடை, கேன்டீன் சாப்பாடு, மாதம் பிறந்தால் சம்பளம். வரித் தகராறில் சிக்கி, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறாமல் தனித்து நின்ற அந்த ஆலையில் 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. முதல் வருடம் பதினெட்டு வயதில் சேர்ந்தவருக்கு அப்போது இருபத்தாறு. கையில் விருப்ப ஓய்வுத் தொகையும், எட்டு வருடத்துக்கு முந்தைய பிளஸ் டூ மார்க் ஷீட்டும். அந்த மார்க் ஷீட்டை வைத்து அடுத்த வாசலைத் தட்டியபோது வரிசையில் முன்னால் நின்றவர்கள் அந்த வருடம் பள்ளி முடித்த பதினெட்டு வயதுக்காரர்கள்.

வேலைக்குப் போகாதே என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் வீட்டு நிலவரம் கேட்காது. எந்தப் படியிலிருந்து போகிறோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

அந்தப் படி பதினைந்து வயதில் முடிவாகிறது. பத்தாம் வகுப்பு முடிந்து பிளஸ் ஒன் சேரும் அன்று ‘எந்த குரூப்?’ என்று கேட்பார்கள். கூட்டாளி எடுத்ததை எடுப்பது, இடம் காலியாக இருப்பதை எடுப்பது, கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்காக எடுப்பது: இவைதான் பெரும்பாலும் காரணம். பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அது பக்கத்து ஊர். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. ஆனால் பி.எஃப்.எஸ்சி. படிக்க உயிரியல் படித்திருக்க வேண்டும். கணிதம், இயற்பியல், வேதியியலோடு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பிள்ளை அந்த வாசலைக் கடந்து ரயில் ஏறி வேறெங்கோதான் போக வேண்டும். திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்தது. அதற்கும் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் உயிரியல் வேண்டும். வணிகவியல் எடுத்தவருக்குப் பொறியியல் கிடையாது. பொன்னேரி எல்.என். அரசு கலைக் கல்லூரியிலேயே பி.எஸ்சி. இயற்பியல் சேர வேண்டுமானால்கூடப் பள்ளியில் அதற்குரிய பாடம் படித்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் பத்து நிமிடத்தில் போட்ட கையெழுத்து இது. பிறகு மாற்ற ஒரு வருடம் போகும்.

அதைவிட முன்னால், பதினொரு வயதில் போடும் கையெழுத்து ஒன்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020-ல் சட்டமானது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. அதில் இடம் பெற்றவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. பொறியியலுக்கு நாலு வருடக் கட்டணம் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் எடை தெரியும். நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துப் பிறகு ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டும் விலக்கு. அரசு உதவி பெறும் பள்ளி இந்த 7.5-ல் சேராது.

எல்லையோர வீடுகளில் நடப்பதை இதோடு வைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்தது, குடும்பம் இரண்டு வருடம் சத்தியவேடு பக்கம் போனது, பிள்ளை அங்கே ஏழும் எட்டும் தெலுங்கில் படித்துத் திரும்பியது. அல்லது கையில் கொஞ்சம் காசு வந்த வருடத்தில், ‘இங்கிலீஷ் வரட்டும்’ என்று ஆறாம் வகுப்பில் மெட்ரிக் பள்ளியில் சேர்த்து, ஃபீஸ் கட்ட முடியாமல் ஒன்பதில் அரசுப் பள்ளிக்கே கொண்டுவந்தது. இரண்டிலும் 7.5 போய்விடும். மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், 2024 ஆகஸ்ட் 9-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்பதே கேள்வி. அவற்றில் அரசு உதவி பெறும் பள்ளியின் தமிழ்வழி மாணவர்களும் சேர்ந்திருக்கிறார்கள் என்பது ஆறுதல். பள்ளி மாற்றும்போது டிசி வாங்கும் மேசையில் இதை எடுத்துச் சொல்ல யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

சான்றிதழ்கள் இன்னொரு வாசல். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி. எல்லாம் இ-சேவை மையம் வழியாகத்தான். முதல் பட்டதாரிச் சலுகை வீட்டில் ஒருவருக்கு மட்டும், அதுவும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிட்டு அந்தச் சான்றிதழை நீட்டினால் பயனில்லை. ரேஷன் கார்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, மார்க் ஷீட்டில் ஒரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால் அலைச்சலுக்கு மூன்று வாரம் எடுத்து வையுங்கள். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளரும் பிள்ளைகளுக்குக் காகிதங்களே வேறு. 2021 ஆகஸ்டில் அரசு அறிவித்த முகாம் நலத்திட்டங்களில் பொறியியல் படிப்பில் சேரும் முதல் 50 மாணவர்களின் கட்டணத்தை அரசே ஏற்பதும் ஒன்று. முதல் ஐம்பது என்றால் மதிப்பெண் வரிசை. அங்கேயும் 35 பேசாது.

கல்லூரி விருப்பப் பட்டியலை நிரப்பும் நாட்களில் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் இருக்கும். ஓடிபியைச் சொல்லிவிட்டு வெளியே டீ குடிக்கப் போகும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பி வரும்போது பட்டியலின் தலையில் எந்தக் கல்லூரி இருக்கிறது என்பது உள்ளே இருப்பவரின் தயவு. ‘அண்ணே, எல்லாம் போட்டாச்சு’ என்பார். 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட குற்றச்சாட்டு நினைவிருக்கும்: ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்கில் இருந்தார் என்று 353 பேரையும், அதில் தொடர்புடைய 224 கல்லூரிகளையும் அது பட்டியலிட்டது. பேராசிரியர் காகிதத்தில் மட்டும் இருக்கும் கல்லூரியில், 15 மதிப்பெண் இயற்பியலோடு போகும் பிள்ளைக்கு மாலை வகுப்பு எடுக்க யார் இருப்பார்கள்? இடம் ஒதுக்கிய பிறகு குறித்த நாட்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் அதுவும் போய்விடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனால் முன்பணம் கட்டும் அவசரத்தில் அசலை நீட்டுவது நாம்தான்.

தொழிற்பேட்டை ஊர்களுக்கென்றே ஒரு வலை உண்டு: ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’. ஓராண்டு டிப்ளமோ, நூறு சதவீத வேலை, துபாய்ப் படம் போட்ட பேனர். தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி ஆக விதி கேட்பது வேறு: பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ, அல்லது இயற்பியல், வேதியியல் பட்டமோ, அதற்கு மேல் தொழிற்சாலையில் சில வருட மேற்பார்வை அனுபவம், அதற்கும் மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் படிப்பு, தொழிலாளர்கள் பேசும் மொழியும் தெரிந்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தவர் அந்தப் பேனரின் கீழ் பணம் கட்டினால் அதிகாரி நாற்காலி வராது. உதவியாளர் வேலை வரலாம்; அது அந்தச் சான்றிதழ் இல்லாமலும் வந்திருக்கும். ‘நர்சிங்’ என்று பெயர் வைத்த ஓராண்டுப் படிப்புகளும் இதே வகை. மாநில நர்சிங் கவுன்சிலின் பதிவு இல்லாதவர் நர்ஸ் அல்ல.

இந்த ஊர்களுக்கு ஏற்ற ஏணி ஒன்று இருக்கிறது. அதை ஏனோ தோற்றவர்களின் வழியாகப் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு மூன்று வருட பாலிடெக்னிக் டிப்ளமோ, அதிலிருந்து பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடிச் சேர்க்கை, மூன்று வருடம். மொத்தம் ஆறு. பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.இ. நாலு வருடம் என்றாலும் ஆறுதான். வித்தியாசம், நடுவில் எங்கே நிற்க நேர்ந்தாலும் முதல் வழியில் கையில் ஒரு தொழில் இருக்கும். இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவருக்கும், உரிய பாடம் எடுத்து பிளஸ் டூ முடித்தவருக்கும் டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் நேரே இடம் உண்டு. டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து மாநில அரசு 71 அரசு ஐ.டி.ஐ.க்களைப் புது இயந்திரங்களோடு மாற்றியமைத்திருக்கிறது. அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது; இதே மாவட்டத்தில் ஆவடியில் முருகப்பா பாலிடெக்னிக். பிட்டர், வெல்டர், மெஷினிஸ்ட் என்றால் சிப்காட்டில் புரியும், ‘பி.இ., பதினெட்டு அரியர்’ என்றால் புரியாது. இந்த ஏணியில் ஒரு சேதாரம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்: பத்தோடு பள்ளியை விட்டால் பன்னிரண்டு வரை என்ற 7.5 நிபந்தனை நிறைவேறாது. கணக்கில் நன்றாக வரும் பிள்ளைக்கு அந்த இழப்பு பெரிது. 35-க்குத் தத்தளிக்கும் பிள்ளைக்கு இழப்பே இல்லை.

பிளஸ் டூவில் தவறினாலோ, தேறியும் எங்கும் சேராமல் விட்டாலோ வழி அடைபடுவதில்லை. துணைத் தேர்வு அதே கோடையில் வரும். நான் முதல்வன் திட்டத்தின் கீழ் ‘உயர்வுக்குப் படி’ முகாம்களில், கல்லூரியில் சேராதவர்களைப் பள்ளிப் பதிவேட்டிலிருந்து தேடி அழைக்கிறார்கள். 14417 என்ற எண்ணில் கல்வி உதவி மையம் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து தூங்கும் பையனின் போன் அணைந்திருந்தால் அழைப்பு வீட்டுக்குத் தெரியாமலே போகும்.

அரையாண்டு விடைத்தாள் வீட்டுக்கு வரும்போது மொத்தத்தைப் பார்க்காதீர்கள். கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்களின் இருபதை மூடிக்கொண்டு, மிச்சம் எழுபதில் எத்தனை என்று எண்ணுங்கள். இயற்பியலில் பதினைந்தை மூடிக்கொண்டு ஐம்பத்தைந்தில் எத்தனை என்று எண்ணுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘சார், சாயங்கால கிளாஸ்ல இந்த மிச்சத்துக்கு ஏதாவது நடத்துறீங்களா?’ பன்னிரண்டாம் வகுப்பு டிசம்பரில் கேட்டால் செய்முறைத் தேர்வுக்கு மிஞ்சிப்போனால் இரண்டு மாதம். ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் மூன்று வருடம்.